ஷெல் ஸ்கிரிப்ட் நடுவழியில் நிறுத்தப்பட்டால்: சிக்னல்களும் டிராப் கட்டளையும்

ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (டெர்மினலில் தட்டும் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த நிரல்) தற்காலிகக் கோப்பு ஒன்றை உருவாக்குகிறது, அதை வைத்து வேலை செய்கிறது, கடைசி வரியில் அதை அழிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கன்ட்ரோல்-சி அழுத்திவிடுகிறார். ஸ்கிரிப்ட் கடைசி வரிக்குப் போகவே இல்லை. கோப்பு அப்படியே கிடக்கிறது. வெறும் தற்காலிகக் கோப்பு என்றால் வட்டில் கொஞ்சம் இடம் வீண், அவ்வளவுதான். ஆனால் அது பூட்டுக் கோப்பாக இருந்தால் கதை வேறு. "நான் ஓடிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு பிரதி தொடங்க வேண்டாம்" என்று சொல்வதற்காக வைத்த கோப்பு அது. மறுநாள், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் அதே ஸ்கிரிப்டை எழுப்பும்போது, பூட்டு இருப்பதைப் பார்த்து ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். அதற்கடுத்த நாளும் அப்படியே. பேக்கப் எடுப்பது நின்றுபோனதே யாருக்கும் தெரியாமல் வாரங்கள் ஓடிவிடும்.

இதற்கான மருந்து ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த போர்ன் ஷெல்லிலேயே, சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிவைக்கும் டிராப் என்ற கட்டளை இருந்தது. இன்றைய ஷெல்களான பாஷ், டாஷ் எல்லாவற்றிலும் அது தொடர்கிறது. பலர் அதை எங்கிருந்தோ ஒரு வரியாக நகலெடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி எப்போது ஓடும், எப்போது ஓடாது என்று தெரிந்துகொள்வதற்கு அரை மணி நேரம் செலவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையில் கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்டுங்கள்.

சிக்னல் என்றால்

ஓடும் ஒரு புராசஸுக்கு, அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்கு, இயங்குதளத்தின் மையமான கர்னல் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓர் எண்தான் சிக்னல். யார் அனுப்பினார், ஏன் அனுப்பினார் என்ற விவரம் எதுவும் ஷெல் ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர் உண்டு. கன்ட்ரோல்-சி அழுத்தினால் போவது இன்ட், எண் 2. கில் கட்டளையை வேறெதுவும் சொல்லாமல் கொடுத்தால் போவது டெர்ம், எண் 15. "தயவுசெய்து முடித்துக்கொள்" என்ற நாகரிகமான கோரிக்கை அது. டெர்மினல் சாளரத்தை மூடினாலோ தொலைதூர இணைப்பு அறுந்தாலோ வருவது ஹப், எண் 1. எண் 9 கில் சிக்னல். அதைப் பற்றிப் பிறகு.

பெயர் இருக்கும்போது எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். மேலே சொன்ன நான்கும் எல்லா யூனிக்ஸிலும் ஒன்றுதான், ஆனால் எல்லா சிக்னலும் அப்படியல்ல. நம் விருப்பத்துக்கு என்று விடப்பட்டிருக்கும் யூஎஸ்ஆர்1 சிக்னல், வழக்கமான லினக்ஸ் கணினிகளில் 10, மேக்ஓஎஸ்ஸில் 30. ஒரு கணினியில் எழுதிய எண் இன்னொன்றில் வேறெதையோ குறிக்கும். பெயரை எழுதும்போது முன்னால் 'எஸ்ஐஜி' என்ற மூன்று எழுத்துகளைச் சேர்க்காமல் வெறும் இன்ட், டெர்ம் என்றே எழுதுங்கள். பாஷ் இரண்டையும் ஏற்கும். டாஷ் முன்னொட்டு இருந்தால் பிழை என்று சொல்லிவிடும்.

சிக்னல் வந்தால் ஒரு புராசஸ் மூன்றில் ஒன்றைச் செய்யலாம். எதுவும் ஏற்பாடு செய்யவில்லை என்றால் அந்தச் சிக்னலுக்கென்று கர்னல் வைத்திருக்கும் இயல்பான செயல் நடக்கும்; பெரும்பாலும் அது மரணம். அல்லது, சிக்னலை அலட்சியம் செய்யலாம். அல்லது, அதைப் பிடித்துத் தன் சொந்தக் கட்டளைகளை ஓட்டலாம். டிராப் கட்டளை கடைசி இரண்டுக்கும் உதவுகிறது.

முதல் சோதனை

இந்த இரண்டு வரிகளை ஒரு கோப்பில் எழுதி ஓட்டுங்கள்:

டிராப் 'எக்கோ "சிக்னல் வந்தது"' இன்ட்
வைல் ட்ரூ; டூ ஸ்லீப் 1; டன்

கன்ட்ரோல்-சி அழுத்தினால் "சிக்னல் வந்தது" என்று அச்சாகும். ஸ்கிரிப்டோ நிற்காது, சுழற்சி தொடரும். முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். டிராப் வைத்துவிட்டால், சிக்னலின் இயல்பான செயல் நமது கட்டளையால் மாற்றப்பட்டுவிடுகிறது. அதனுடன் கூடுதலாகச் சேர்வதில்லை. நம் கட்டளைக்குள் எக்ஸிட் என்று நாமே எழுதவில்லை என்றால், ஸ்கிரிப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். தற்காலிகக் கோப்பை அழிக்க மட்டும் டிராப் எழுதிவிட்டு எக்ஸிட்டை மறந்தால் நிலைமை முன்பைவிட மோசம்: கோப்பு போய்விட்டது, ஸ்கிரிப்ட் இன்னும் அதைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனை ஸ்கிரிப்டை நிறுத்த, இன்னொரு டெர்மினலிலிருந்து அதன் புராசஸ் எண்ணுக்குக் கில் கட்டளை கொடுங்கள். டெர்ம் சிக்னலுக்கு நாம் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை என்பதால் உடனே இறந்துவிடும்.

துப்புரவுக்கு ஏற்ற இடம்

இன்ட், டெர்ம், ஹப் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் துப்புரவுக் கட்டளை எழுதுவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. டிராப் கட்டளையில் சிக்னல் பெயருக்குப் பதிலாக எக்ஸிட் என்று எழுதலாம். அது உண்மையான சிக்னல் அல்ல. ஷெல் தானாகக் கொடுக்கும் வசதி. ஸ்கிரிப்ட் கடைசி வரி வரை போய் முடிந்தாலும், நடுவில் எக்ஸிட் கட்டளையால் முடிந்தாலும், ஏதோ பிழையால் பாதியில் விழுந்தாலும், அந்த டிராப் ஓடும். எனவே துப்புரவை ஒரு ஃபங்ஷனாக எழுதி, எக்ஸிட்டுக்கு மட்டும் கட்டிவிடுவதுதான் என் பரிந்துரை:

டிராப் துப்புரவு எக்ஸிட்

பாஷில் இந்த ஒரு வரியே போதும். இன்ட் அல்லது டெர்ம் வந்து ஸ்கிரிப்ட் சாகும்போதும் பாஷ் எக்ஸிட் டிராப்பை ஓட்டிவிட்டுத்தான் சாகும். டாஷ் அப்படியல்ல, சிக்னலால் சாகும்போது அது எக்ஸிட் டிராப்பைத் தொடுவதே இல்லை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் எஸ்ஹெச் என்று அழைத்தால் வருவது டாஷ்தான். ஆகவே முதல் வரியில் பாஷ் என்று குறிப்பிடாத ஸ்கிரிப்டுக்கு இன்னும் சில வரிகள் வேண்டும்:

டிராப் 'எக்ஸிட் 129' ஹப்
டிராப் 'எக்ஸிட் 130' இன்ட்
டிராப் 'எக்ஸிட் 143' டெர்ம்

சிக்னல் வந்தால் எக்ஸிட் கட்டளை ஓடும். எக்ஸிட் கட்டளை எக்ஸிட் டிராப்பைத் தூண்டும். துப்புரவு ஒரே ஒருமுறை நடக்கும். பலர் துப்புரவு ஃபங்ஷனை எக்ஸிட், இன்ட், டெர்ம் மூன்றுக்கும் ஒரே வரியில் கட்டிவிடுகிறார்கள். அந்த ஃபங்ஷன் எக்ஸிட்டில் முடிந்தால், கன்ட்ரோல்-சி அழுத்தும்போது அது இன்ட்டுக்காக ஒருமுறையும் எக்ஸிட்டுக்காக இன்னொரு முறையும் ஓடும். கோப்பை அழிப்பது இருமுறை நடந்தால் நஷ்டமில்லை. சர்வரை மீண்டும் தொடங்குவதோ அறிவிப்பு அனுப்புவதோ இருமுறை நடந்தால் நஷ்டம்தான்.

மேலே 129, 130, 143 என்று வந்தவை, எப்படி முடிந்தது என்று சொல்ல ஸ்கிரிப்ட் விட்டுச்செல்லும் முடிவு எண்கள். அவை ஷெல்லின் மரபு: 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டினால் வருவது. 137 என்று எங்காவது பார்த்தால் அது 128-உம் 9-உம் சேர்ந்தது. யாரோ கில் சிக்னல் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நினைவகம் தீர்ந்துபோய்க் கர்னலே ஒரு புராசஸைக் கொல்லும்போதும் இதே எண்தான் வரும்.

மேற்கோள் குறியும் வரிசையும்

டிராப்புக்கு ஒற்றை மேற்கோளையே பயன்படுத்துங்கள். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், உள்ளே இருக்கும் மாறியின் மதிப்பு டிராப் வரியை ஷெல் படிக்கும் கணத்திலேயே நிரப்பப்பட்டுவிடும். மாறிக்கு அப்போது மதிப்பு இல்லையென்றால், வெற்றிடத்தை அழிக்கும் டிராப் ஒன்றைத்தான் நீங்கள் வைத்திருக்கிறீர்கள். ஒற்றை மேற்கோளில் மதிப்பு தேடப்படுவது சிக்னல் வந்த பிறகு. ஃபங்ஷன் பெயரை மட்டும் கொடுத்தால் இந்தக் கவலையே இல்லை.

டிராப்பை ஸ்கிரிப்டில் எந்த இடத்தில் வைப்பது என்பது பலரும் யோசிக்காத விஷயம். தற்காலிகக் கோப்பு என்றால், முதலில் மாறியை வெறுமையாக்கி, பிறகு டிராப் வைத்து, அதற்குப் பிறகு, தற்காலிகக் கோப்பை உருவாக்கித் தரும் எம்கேடெம்ப் கட்டளையால் கோப்பை உருவாக்குங்கள். துப்புரவு ஃபங்ஷன் மாறி வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். பூட்டுக்கோ இந்த வரிசை தலைகீழ். பூட்டைப் பெறுவதற்கு முன்பே "முடியும்போது பூட்டை அழி" என்று டிராப் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டாவது பிரதி தொடங்குகிறது, பூட்டு இருப்பதைப் பார்த்து ஒழுங்காக வெளியேறுகிறது, வெளியேறும்போது அதன் எக்ஸிட் டிராப் முதல் பிரதியின் பூட்டை அழித்துவிடுகிறது. மூன்றாவது பிரதி தடையின்றி உள்ளே வருகிறது. பூட்டு நம் கைக்கு வந்த பிறகுதான் டிராப். இடையில் ஒரு நூலிழை அளவு இடைவெளி இருக்கத்தான் செய்யும், அதை ஏற்றுக்கொள்ளலாம். மற்றவரின் பூட்டை அழிப்பதை ஏற்க முடியாது.

இன்னொன்று: ஒரே சிக்னலுக்கு இரண்டாவது டிராப் எழுதினால் முதலாவது அழிந்துபோகும். அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதில்லை. நீளமான ஸ்கிரிப்டில் இப்போது எந்த டிராப் நடப்பில் இருக்கிறது என்று குழப்பமாக இருந்தால், டிராப் என்று மட்டும் தட்டினால் பட்டியல் வரும். டிராப்புக்குப் பின் ஒரு சிறு கோடும் சிக்னல் பெயரும் எழுதினால் பழைய இயல்பு திரும்பும்.

டெர்ம் அனுப்பியும் ஏன் நிற்கவில்லை?

சிக்னலைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் அதிகம் குழப்புவது இதுதான். ஸ்கிரிப்டுக்குள் ஸ்லீப் 600 ஓடுகிறது; 600 விநாடி, அதாவது 10 நிமிடம், சும்மா காத்திருக்கும் கட்டளை அது. டெர்முக்கு டிராப் வைத்திருக்கிறோம். வேறு டெர்மினலிலிருந்து கில் கொடுக்கிறோம். எதுவும் நடக்கவில்லை. சில நிமிடங்கள் கழித்துத் திடீரென்று துப்புரவு ஓடி ஸ்கிரிப்ட் முடிகிறது.

ஷெல் தன் டிராப்பை ஒரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் இடையில்தான் ஓட்டும். முன்னணியில் ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது சிக்னல் வந்தால், "வந்தது" என்று குறித்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டளை முடியும்வரை காத்திருக்கும். ஸ்லீப் 600-க்கு இன்னும் 9 நிமிடம் பாக்கி என்றால், டிராப் ஓடவும் 9 நிமிடம் ஆகும். அதற்குள் நீங்கள் இன்னும் மூன்று முறை டெர்ம் அனுப்பினாலும் பயனில்லை. ஏற்கெனவே எரியும் விளக்கின் சுவிட்சை மறுபடியும் போடுவதுபோலத்தான். காத்திருக்கும் சிக்னல் ஒன்றாகவே எண்ணப்படும்.

அப்படியானால் கன்ட்ரோல்-சி அழுத்தும்போது மட்டும் உடனே வேலை செய்கிறதே? அங்கே நடப்பது வேறு. கன்ட்ரோல்-சி அழுத்தினால் டெர்மினல், முன்னணியில் இருக்கும் புராசஸ் குழு முழுவதற்கும் இன்ட் அனுப்புகிறது. ஷெல்லுக்கும் போகிறது, ஸ்லீப்புக்கும் போகிறது. ஸ்லீப் செத்துவிடுகிறது, ஷெல்லுக்கு உடனே இடைவெளி கிடைக்கிறது, டிராப் ஓடுகிறது. கில் கட்டளையோ நீங்கள் சொன்ன ஒரே புராசஸுக்குத்தான் சிக்னலைக் கொடுக்கிறது. ஸ்லீப்புக்கு எதுவும் தெரியாது. இதனால்தான் டெஸ்க்கில் உட்கார்ந்து கன்ட்ரோல்-சி அழுத்திச் சோதித்தபோது சரியாக இருந்த ஸ்கிரிப்ட், சர்வரில் ஏதோ மென்பொருள் டெர்ம் அனுப்பும்போது முரண்டு பிடிக்கிறது. ஸ்கிரிப்டை இரண்டு வழியிலும் சோதித்துப் பார்க்காமல் விடக் கூடாது.

தீர்வு, நீண்ட வேலையைப் பின்னணியில் விட்டு வெயிட் கட்டளையால் காத்திருப்பது:

ஸ்லீப் 600 &
சேய்=$!
வெயிட் "$சேய்"

ஷெல்லின் உள்கட்டளையான வெயிட், டிராப் வைத்த சிக்னல் வந்தவுடன் 128-ஐவிடப் பெரிய மதிப்போடு திரும்பிவிடும். உடனே டிராப் ஓடும். ஆனால் பின்னணியில் விட்ட வேலை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை முடிப்பது இப்போது உங்கள் பொறுப்பு. துப்புரவு ஃபங்ஷனில் அந்தச் சேய் எண்ணுக்கு ($! தந்த, பின்னணி வேலையின் புராசஸ் எண்) கில் கொடுத்து, மறுபடியும் வெயிட் செய்து அது உண்மையிலேயே முடிந்த பிறகு கோப்புகளை அழியுங்கள். இல்லையென்றால் நீங்கள் அழித்த கோப்புறையில் அது எழுத முயன்றுகொண்டிருக்கும். அதற்கு இன்ட் அனுப்பாதீர்கள், டெர்ம் அனுப்புங்கள். ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து இப்படிப் பின்னணியில் தொடங்கப்படும் கட்டளைகள் இன்ட்டை அலட்சியம் செய்யும் நிலையிலேயே பிறக்கின்றன. கன்ட்ரோல்-சி அவற்றைத் தொடாமல் போவதற்கும் அதுவே காரணம்.

சாவதிலும் ஒரு முறை

எக்ஸிட் 130 என்று வெளியேறுவதும் இன்ட் சிக்னலால் சாவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தோன்றும். ஸ்கிரிப்டைத் தொடங்கிய தாய்ப் புராசஸுக்கு இரண்டும் வேறு. உங்கள் ஸ்கிரிப்டை இன்னொரு பாஷ் ஸ்கிரிப்ட் ஒரு சுழற்சியில் நூறு கோப்புகளுக்காக நூறு முறை அழைக்கிறது என்று வையுங்கள். பயனர் கன்ட்ரோல்-சி அழுத்துகிறார். வெளியே இருக்கும் பாஷுக்கும் இன்ட் வந்திருக்கிறது. ஆனால் அது உள்ளே ஓடியது எப்படி முடிந்தது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கும். உள்ளே ஓடியது சிக்னலால் செத்திருந்தால் சுழற்சியையும் நிறுத்தும். எக்ஸிட் கட்டளையால் முறையாக வெளியேறியிருந்தால், "அது இன்ட்டைத் தானே சமாளித்துக்கொண்டது போலும்" என்று கருதி அடுத்த கோப்புக்குப் போய்விடும். பயனர் நூறு முறை கன்ட்ரோல்-சி அழுத்த நேரிடும்.

ஆகவே மற்றவர்கள் அழைக்கக்கூடிய ஸ்கிரிப்ட் என்றால், இன்ட் டிராப்பில் மூன்று காரியங்கள் செய்யுங்கள்: துப்புரவை ஓட்டுங்கள்; இன்ட்டுக்கும் எக்ஸிட்டுக்கும் வைத்த டிராப்பைச் சிறுகோட்டால் நீக்குங்கள்; பிறகு ஸ்கிரிப்ட் தனக்குத்தானே அதே சிக்னலை அனுப்பிக்கொள்ளட்டும். $$ என்பது ஸ்கிரிப்டின் சொந்தப் புராசஸ் எண்.

டிராப் 'துப்புரவு; டிராப் - இன்ட் எக்ஸிட்; கில் -இன்ட் $$' இன்ட்

பாஷில் எக்ஸிட் டிராப்பை மட்டும் வைத்திருந்தால் இதைப் பாஷே செய்துவிடும். என் பரிந்துரையில் இன்ட்டுக்குத் தனி டிராப் தவிர்க்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிடிக்க முடியாதவை

கில் சிக்னலையும், புராசஸை உறையவைக்கும் ஸ்டாப் சிக்னலையும் எந்த டிராப்பாலும் பிடிக்க முடியாது, அலட்சியம் செய்யவும் முடியாது. கில் -9 கொடுத்தால் எக்ஸிட் டிராப்பும் ஓடாது. மின்சாரம் போனாலும் அதே கதி. அதனால் அவசரத்துக்கு முதலிலேயே -9 கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். டெர்ம் கொடுத்து, சில விநாடி காத்திருந்து, அதற்கும் அசையாவிட்டால் மட்டுமே 9. லினக்ஸில் உள்ள டைம்அவுட் கட்டளைக்கு -கே என்ற தெரிவைக் கொடுத்தால் இதே ஒழுங்கில் செய்யும். பூட்டுக்கு, கர்னலிடமே பூட்டுக் கேட்டு வாங்கும் எஃப்லாக் கட்டளை கிடைக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள். புராசஸ் எப்படிச் செத்தாலும் அந்தப் பூட்டைக் கர்னல் தானாக விடுவித்துவிடும். அழிக்க வேண்டிய கோப்பு என்று ஒன்றும் இல்லை. ஸ்கிரிப்ட் தொடங்கிய சேய்ப் புராசஸ் ஏதேனும் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு உயிரோடிருந்தால் மட்டும் பூட்டும் நீடிக்கும்.

கன்டெய்னருக்குள்

கன்டெய்னர் என்பது ஒரு மென்பொருளைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழல்; டாக்கர் அதை ஓட்டும் கருவி. டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் கன்டெய்னரின் முதல் புராசஸுக்கு டெர்ம் போகும். 10 விநாடிக்குள் முடியாவிட்டால் கில் சிக்னல். பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் இயல்பாக 30 விநாடி கொடுக்கும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி. உங்கள் தொடக்க ஸ்கிரிப்ட்தான் அந்த முதல் புராசஸ் என்றால் இரண்டு சிக்கல்கள் சேர்கின்றன. புராசஸ் எண் 1-க்குக் கர்னல் தனி மரியாதை கொடுக்கிறது: அது டிராப் வைத்திராத டெர்ம் சிக்னல் அதைக் கொல்லாது, அப்படியே கைவிடப்படும். டிராப் வைத்தாலும், முன்னணியில் சர்வர் ஓடிக்கொண்டிருப்பதால் ஷெல் காத்திருக்கும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சரியாக 10 விநாடி பிடிக்கிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

தொடக்க ஸ்கிரிப்டின் வேலை சில மாறிகளை அமைத்துவிட்டுச் சர்வரைத் தொடங்குவது மட்டும்தான் என்றால், கடைசி வரியில் சர்வர் கட்டளைக்கு முன் எக்ஸெக் என்று சேர்த்துவிடுங்கள். ஷெல் மறைந்து, அதே புராசஸ் எண்ணில் சர்வர் உட்கார்ந்துகொள்ளும். டெர்ம் நேராக அதற்கே போகும். நீங்கள் வைத்த டிராப்புகள் ஷெல்லோடு போய்விடும் என்பதால், சர்வர் முடிந்த பிறகு துப்புரவு தேவைப்படும் இடத்தில் எக்ஸெக் ஆகாது. அங்கே பின்னணியும் வெயிட்டும்தான்.

அலட்சியம் செய்தல்

டிராப்புக்கு வெற்று மேற்கோளைக் கொடுத்தால் அந்தச் சிக்னல் அலட்சியம் செய்யப்படும். தரவுத்தளக் கோப்பை இடம் மாற்றும் இரண்டு வரிகளை நடுவில் யாரும் வெட்டிவிடக் கூடாது என்றால் இது உதவும். இந்த அலட்சியம் சேய்ப் புராசஸ்களுக்கும் பரம்பரையாகப் போகும். பிடித்து வைத்த டிராப் போகாது, சேய்க்கு இயல்பு நிலையே கிடைக்கும். எனவே ஷெல் மட்டும் தப்பிக்க வேண்டும், அது ஓட்டும் கட்டளை சாகலாம் என்றால், வெற்று மேற்கோளுக்குப் பதிலாக ஒன்றும் செய்யாத முக்காற்புள்ளிக் கட்டளையை உள்ளே வையுங்கள். நோஹப் கட்டளை இந்தப் பரம்பரையை நம்பியே வேலை செய்கிறது: ஹப்பை அலட்சியம் செய்யவைத்துவிட்டு உங்கள் கட்டளையைத் தொடங்குகிறது. அப்படி அலட்சியத்தோடு தொடங்கப்பட்ட ஸ்கிரிப்டுக்குள் ஹப்புக்கு நீங்கள் டிராப் எழுதினால் பிழை எதுவும் வராது, ஆனால் அது ஒருபோதும் ஓடாது. தொடங்கும்போதே அலட்சியத்தில் இருந்த சிக்னலை ஸ்கிரிப்டால் மீட்க முடியாது என்பது விதி.

எழுதிய ஸ்கிரிப்டைச் சரிபார்க்க, அதை ஒரு டெர்மினலில் ஓடவிட்டு, இன்னொன்றிலிருந்து அதன் எண்ணுக்குக் கில் கொடுங்கள். எவ்வளவு நேரத்தில் நின்றது என்று கவனியுங்கள். தற்காலிகக் கோப்புறையையும் பூட்டையும் பாருங்கள். ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் பீஎஸ் கட்டளையால் அநாதையான சேய்ப் புராசஸ் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். முதல் டெர்மினலில், கடைசிக் கட்டளையின் முடிவு எண்ணைக் காட்டும் எக்கோ $? என்று தட்டினால் 143 வர வேண்டும். அந்த எண் எக்ஸிட் 143-க்கும் வரும் என்பதால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்; சிக்னலாலேயே செத்திருந்தால் பாஷ் அதற்கு முந்தைய வரியில் "டெர்மினேட்டட்" என்று அச்சிட்டிருக்கும்.